எரிபொருள் கசிந்த நிலத்தடி நீர் உண்மையிலேயே தூய்மையாகிறதா? தடங்காட்டி கொண்டு சோதிக்கும் முறை

கண்காணிப்புக் கிணற்றில் எரிபொருளின் நச்சுக் கூறுகளான பென்சீன், டொலுயீன் அளவு குறைந்திருப்பதை வைத்தே நுண்ணுயிரிகள் அவற்றைச் சிதைத்துவிட்டன என்று முடிவுகட்ட முடியாது. மாசுபடாத நீர் வந்து கலந்தாலும் அளவு குறையத்தான் செய்யும். இவ்விரண்டையும் பிரித்தறிய உதவுவதே டிரேசர் எனப்படும் தடங்காட்டி, அதாவது வினையில் சிக்காமல் நீரோடு சேர்ந்தே நகரும் பொருள். ஒரே கிணற்றில் கரைசலைச் செலுத்தி, அதிலிருந்தே திரும்ப எடுக்கும் சோதனை புதியவர்களுக்கு ஏற்றது.

படி 1: உரிய அனுமதியைப் பெற்றபின், கிணற்று நீரில் புரோமைடும் நைட்ரேட்டும் இயல்பாக எவ்வளவு உள்ளன என்று அளந்துகொள்ளுங்கள். ஆக்சிஜன் இல்லாதபோது நுண்ணுயிரிகள் அதற்குப் பதிலாக நைட்ரேட்டைப் பயன்படுத்தி எரிபொருள் மாசைச் சிதைக்கும். தடங்காட்டியான புரோமைடு மண்ணில் பெரிதாக ஒட்டாது, நுண்ணுயிரிகளும் அதை உண்பதில்லை. ஆனால் ஓசோன் கொண்டு சுத்திகரிக்கும்போது அது உடலுக்குத் தீங்கான புரோமேட்டாக மாறக்கூடும் என்பதால், குடிநீர்க் கிணறுகளுக்கு அருகில் இச்சோதனையைத் தவிர்ப்பதே நல்லது.

படி 2: மாசற்ற நீரில் இரண்டையும் லிட்டருக்கு 100 மில்லிகிராம் வீதம் கரைத்து, நைட்ரஜன் வாயுவைக் குமிழியிட்டு ஆக்சிஜனை வெளியேற்றுங்கள். ஆக்சிஜன் எஞ்சியிருந்தால் நுண்ணுயிரிகள் முதலில் அதைத்தான் பயன்படுத்தும். அதனால் நைட்ரேட் கணக்கு பிசகிவிடும்.

படி 3: கரைசலை மெதுவாகச் செலுத்திவிட்டுக் காத்திருங்கள். நீரோட்டம் வேகமாக உள்ள இடத்தில் நெடுநேரம் காத்திருந்தால் கரைசல் எட்டாத தொலைவுக்குப் போய்விடும்.

படி 4: நீரை இறைத்தபடியே, இடைவெளி விட்டு மாதிரிகளை எடுத்து, எடுத்த நேரத்தையும் குறித்து வையுங்கள்.

படி 5: இனி கணக்கு, சோதனையின் உயிரே இதுதான். இரண்டு நாள் கழித்து எடுத்த மாதிரியில் லிட்டருக்குப் புரோமைடு 50, நைட்ரேட் 20 மில்லிகிராம் என்றும், இயல்பு அளவு இரண்டுக்கும் பூச்சியம் என்றும் வைத்துக்கொள்வோம். புரோமைடு பாதியாகியிருப்பதால் கரைசல் இரு மடங்கு நீர்த்திருக்கிறது. ஆகவே நைட்ரேட்டும் 50 இருந்திருக்க வேண்டும். குறைந்துள்ள 30 மில்லிகிராம் வினையில் செலவானது. 50-ஐ 20-ஆல் வகுத்து, இயல் மடக்கை எடுத்து, 2 நாளால் வகுத்தால், முதல்வரிசை வினை (எஞ்சியுள்ள அளவுக்கு ஏற்ற விகிதத்தில் வேகம் அமையும் வினை) என்று கொள்ளும்போது வேக மாறிலி நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.46 என வரும்.

ஒரு மில்லிகிராம் பென்சீன் முழுமையாகச் சிதைய ஏறத்தாழ 4.8 மில்லிகிராம் நைட்ரேட் தேவை என்பதால், 30 மில்லிகிராமுக்கு அதிகபட்சம் 6.3 மில்லிகிராம் பென்சீன் சிதைந்திருக்கலாம். அதிகபட்சம் என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு: கரைந்துள்ள இரும்பும், சல்பைடும், பிற கரிமப் பொருள்களும் நைட்ரேட்டைச் செலவழிக்கக்கூடும். எனவே அறிக்கையில் இந்த எண்ணைப் பென்சீன் சிதைந்த அளவாக எழுதாமல், மேல்வரம்பு என்றே குறிப்பிடுங்கள்.