சென்னையையும் பெங்களூருவையும் ஒப்பிடும்போது மலைக்காரர்கள் செய்யும் தவறுகள்

நம் நீலகிரியில், கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்து ஹட்டிகள் எனப்படும் படுகர் ஊர்களிலும் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளிலும் ஒரு பிள்ளை கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டால், வேலைக்குச் சென்னைக்குப் போவதா பெங்களூருவுக்குப் போவதா என்ற பேச்சு வீட்டில் தொடங்கிவிடும். அந்தப் பேச்சில் நாம் ஊரின் பெயரை வைத்தே முடிவு செய்துவிடுகிறோம். 2011-இல் விரிவாக்கப்பட்ட சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கி.மீ.; பெங்களூருவில் 2007 முதல் 2025 வரை இருந்த பெருநகர மாநகராட்சியின் பரப்போ 700 சதுர கி.மீ.க்கும் மேல். இவ்வளவு பரந்த ஊர்களில் ஒருவருடைய அன்றாட வாழ்க்கையைத் தீர்மானிப்பவை அவருடைய வீடு, அலுவலகம், இரண்டுக்கும் இடையிலுள்ள பாதை ஆகிய மூன்றுமே என்பதால், அந்த மூன்றையும் அறியாமல் செய்யும் ஒப்பீடு எதற்கும் உதவாது.

நம் மலையில் தொலைவைக் கிலோமீட்டரில் யாரும் சொல்வதில்லை. மேட்டுப்பாளையம் எவ்வளவு தூரம் என்று கேட்டால், பேருந்து இறங்க எத்தனை மணி நேரமாகும் என்றுதான் பதில் வரும். கொண்டை ஊசி வளைவுகள் கற்றுக்கொடுத்த இந்த நல்ல வழக்கத்தைச் சமவெளிக்குப் போனதும் நாம் கைவிட்டுவிடுகிறோம்; சாலை நேராக இருப்பதால் 20 கி.மீ. என்பது அரை மணி நேரம் என்று எண்ணிக்கொள்கிறோம். என் அக்கா மகள் வாடகை குறைவு என்று பெங்களூருவின் வடக்கிலுள்ள எலஹங்காவில் வீடு பார்த்துவிட்டு, தென்கிழக்கே பெல்லந்தூரில் இருந்த அலுவலகத்துக்கு நாள்தோறும் போய்வந்தாள். வாடகையில் மிச்சமான பணத்தைவிட அவள் இழந்த தூக்கம் பெரிது. எட்டாவது மாதத்தில் வீட்டை மாற்றிக்கொண்டாள். சென்னையிலும் இதே கதை நடக்கும். கடற்கரை–தாம்பரம் தடத்தில் 1931 முதல் மின்சார ரயில் ஓடுகிறது. அந்தத் தடத்தை ஒட்டி வீடும் கிண்டியில் வேலையும் அமைந்தவருடைய சென்னை ஒன்று. ஆவடியில் குடியிருந்துகொண்டு சிறுசேரிக்குப் போகிறவருடைய சென்னை முற்றிலும் வேறொன்று. ஆகவே வீடு பார்க்கப் போகிறவர்கள், வேலை நாளொன்றில் காலை எட்டரை மணிக்கு அந்தப் பாதையில் ஒருமுறை பயணம் செய்து பார்த்த பிறகே அட்வான்ஸ் கொடுக்க வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்வேன்.

அட்வான்ஸ் தொகையையும் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறோம். தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. பெங்களூருவிலோ பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு.

மின்கட்டணத்தை ஒப்பிடுவதில் நேரும் பிழை இன்னும் எளிதானது. தமிழ்நாட்டில் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறார்கள்; கர்நாடகத்தில் மாதந்தோறும் பில் வருகிறது. இரண்டு பில்களையும் அருகருகே வைத்து, சென்னையில் மின்சாரம் இருமடங்கு விலை என்று வருந்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன். இலவச அளவிலும் இதே கவனம் வேண்டும்: இங்கே 100 யூனிட் என்பது இரண்டு மாதங்களுக்கு; அங்கே 200 யூனிட் வரை என்பது ஒரு மாதத்துக்கு, அதுவும் அந்த வீட்டின் முந்தைய சராசரிப் பயன்பாட்டைப் பொறுத்தது. பேருந்திலும் இப்படித்தான். தமிழ்நாட்டின் சாதாரண நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்கள் கட்டணமின்றிப் போகலாம். கர்நாடகத்தில் 2023 ஜூன் முதல் நடைமுறையில் உள்ள சக்தி திட்டம் அம்மாநிலத்தவருக்கு உரியது என்பதால், கோத்தகிரி முகவரியுள்ள ஆதார் அட்டையைக் காட்டும் நம் பெண் அங்கே டிக்கெட் எடுத்தே ஆக வேண்டும். டி.என். 43 என்ற நீலகிரிப் பதிவெண் கொண்ட வண்டியைப் பெங்களூருவில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும் என்பதும் பலருக்குத் தெரியாது.

பெங்களூரு நம் ஊட்டியைப் போல இருக்கும் என்ற நம்பிக்கையும் நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பெங்களூரு ஏறத்தாழ 900 மீட்டரில் இருக்கிறது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் அங்கே மின்விசிறி இல்லாமல் மலைக்காரர் உறங்க முடியாது. சென்னையின் வெயில் அதைவிடக் கடுமையானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் மே மாதத்தில் சென்னையையும் டிசம்பரில் பெங்களூருவையும் பார்த்துவிட்டு வந்து தீர்ப்புச் சொல்வது நேர்மையாகாது. மேட்டு நிலத்தில் வெள்ளம் வராது என்பதும் தவறான எண்ணமே: 2015 டிசம்பரில் அடையாற்றங்கரை மூழ்கியதைப் போலவே, 2022 செப்டம்பரில் பெல்லந்தூர்ப் பகுதியும் நீரில் மிதந்தது. ஏரிக்கு ஏரி நீர் வழிந்தோடிய பாதைகளை அடைத்துக் கட்டினால், ஊர் எந்த உயரத்தில் இருந்தாலும் நீர் தேங்கத்தான் செய்யும். 2019-இல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததைச் சொல்லிச் சென்னையை ஒதுக்கியவர்கள், 2024 கோடையில் பெங்களூருவின் புறநகர்களில் போர்வெல்கள் வற்றியபோது திகைத்தார்கள். எனவே வீட்டுக்குக் குழாய்நீர் வருகிறதா, டேங்கர் லாரியை நம்பியிருக்கிறார்களா என்று அந்தத் தெருவிலேயே கேட்டுவிடுவது நல்லது.

பெங்களூரு நமக்கு அருகில் என்று சொல்வதில் ஓரளவு உண்மை உண்டு. ஊட்டியிலிருந்து அது 300 கி.மீ.க்குள் இருக்கிறது, சென்னை 500 கி.மீ.க்கும் அப்பால். நம் மலையின் படுகு மொழி பேசும் பிள்ளைகளுக்குக் கன்னடம் விரைவில் வசப்படும் என்பதும் பெரிய வசதிதான். ஆனால் ஊட்டியிலிருந்து மைசூரு வழியாகப் பெங்களூரு போகும் பந்திப்பூர்க் காட்டுச் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடப்படுகிறது. அனுமதி பெற்ற ஒருசில பேருந்துகளும் அவசர ஊர்திகளும் மட்டுமே அதைக் கடக்க முடியும். வீட்டில் பெரியவர் ஒருவருக்கு உடல்நலமில்லை என்று மாலையில் செய்தி போனால், சென்னையிலிருக்கும் பிள்ளை இரவு 9 மணியளவில் நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏறி, விடியும் வேளையில் மேட்டுப்பாளையத்தில் இறங்கி, கோத்தகிரிப் பேருந்தைப் பிடித்துவிடும். அலுவலகம் முடிந்து சொந்த வண்டியில் பெங்களூருவிலிருந்து புறப்பட்ட பிள்ளை அந்நேரம் சோதனைச் சாவடியில் வாயில் திறப்பதற்காகக் காத்திருக்கும்.