கலைக்கப்பட்ட ஒரு ஜெர்மன் மாவட்டத்தின் வரலாற்றைத் தேடி எழுதுவது எப்படி: தோட்டப்புற வாசகருக்கு

மலேசியாவில் சிலிம் ரிவர் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் பழைய கிரானை (நிலப்பட்டாவை) விரித்தால் மாவட்டம் ‘பத்தாங் பாடாங்’ என்று இருக்கும். இப்போது வரும் நிலவரிச் சீட்டில் ‘முவாலிம்’. தோட்டம் அங்கேயேதான் இருக்கிறது. 2016 ஜனவரியில் கோடுதான் நகர்ந்தது. பேராக்கில் 2009-ல் கம்பார், 2017-ல் பாகான் டத்தோ என்று அடுத்தடுத்துப் பிரிந்ததால், பழைய கணக்கையும் புதிய கணக்கையும் அப்படியே ஒப்பிட்டுவிட்டுக் குழம்புகிறவர்கள் நம்மிடையே நிறைய.

ஜெர்மனியில் இந்தக் கோடு இருநூறு ஆண்டுகளில் பலமுறை நகர்ந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் தேதி, ஊர்ப்பட்டியல், சட்ட எண்ணோடு அச்சிட்டும் வைத்திருக்கிறார்கள். தோட்ட வரலாறு எழுத நினைப்பவர்கள் கை பழக இதைவிட நல்ல இடம் கிடைக்காது. அதோடு, ஜெர்மனியின் மிகப் பெரிய அரசாக இருந்த பழைய பிரஷ்யாவில் தோட்டமே ஒரு நிர்வாகப் பிரிவாக இருந்தது. லயத்தில் வளர்ந்தவருக்கு அது சொல்லாமலே விளங்கும். நகரத்து வாசகருக்குப் பாடம் எடுக்க வேண்டியிருக்கும்.

முதலில் பெயரைப் பிடியுங்கள், ஆனால் நம்பாதீர்கள்

கிராமப்புற மாவட்டத்துக்கு இன்றைய ஜெர்மன் சொல் ‘லாண்ட்கிரைஸ்’. நாடு முழுவதற்கும் இந்த ஒரே சொல் வந்தது 1939 ஜனவரி 1-ல்தான். அதற்கு முன் பிரஷ்யாவில் வெறும் ‘கிரைஸ்’, பவேரியாவில் ‘பெசிர்க்ஸாம்ட்’, வூர்ட்டம்பர்க்கில் 1934 வரை ‘ஓபராம்ட்’, சாக்சனியில் ‘ஆம்ட்ஸ்ஹாப்ட்மன்ஷாஃப்ட்’. 1900-ம் ஆண்டுப் பவேரிய ஊர் ஒன்றை ‘லாண்ட்கிரைஸ்’ என்று தேடினால் ஒன்றும் சிக்காது. அதைவிட மோசமான பொறி, பழைய பவேரியாவில் ‘கிரைஸ்’ என்பது மாவட்டத்துக்கு மேலே இருந்த பெரிய வட்டாரத்தின் பெயர். அதை மாவட்டம் என்று எண்ணிக்கொண்டு மக்கள்தொகையை எடுத்தால் கணக்கு பல மடங்கு ஊதிப்போகும்.

ஒரே பெயரில் இரண்டு மாவட்டங்களும் உண்டு. கோனிக்ஸ்பெர்க் என்று ஒன்று பிராண்டன்பர்க்கின் நொய்மார்க் பகுதியில், இன்னொன்று கிழக்குப் பிரஷ்யாவில். ஆகவே தாளின் தலையில் நான்கு விஷயங்களை எழுதிவிட்டுத் தொடங்குங்கள்: மாவட்டத்தின் பெயர், எந்த ஆண்டு, அதற்கு மேலே இருந்த வட்டாரம், அதற்கும் மேலே இருந்த மாகாணம். நான்கில் ஒன்று காலியாக இருந்தாலும் தேடலை ஆரம்பிக்காதீர்கள்.

கோட்டின் கதையை ஒரு சங்கிலியாக எழுதுங்கள்

கிரிம்மன் மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். பால்டிக் கடலோரம், ஸ்ட்ரால்சுண்ட் நகருக்குத் தெற்கே. 1648-லிருந்து ஸ்வீடன் கையில் இருந்த மேற்குப் பொமரேனியா 1815-ல் பிரஷ்யாவுக்கு வந்தது. மாவட்டங்களை அமைக்கும் உத்தரவு 1815 ஏப்ரல் 30 தேதியிட்டது. ஆனால் இந்தப் பகுதியில் கிரிம்மன் மாவட்டம் நடைமுறைக்கு வந்தது 1818-ல். ஒரு புத்தகம் 1815 என்றும் இன்னொன்று 1818 என்றும் சொன்னால் இரண்டும் சரியாக இருக்கலாம். உத்தரவுத் தேதி ஒன்று, அமலான தேதி இன்னொன்று. இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள்.

அப்புறம் சங்கிலி இப்படிப் போகும். 1818 முதல் 1932 செப்டம்பர் வரை மேலே ஸ்ட்ரால்சுண்ட் வட்டாரம். 1932 அக்டோபர் 1-ல் அந்த வட்டாரமே கலைக்கப்பட்டு ஷ்டெட்டின் வட்டாரத்தோடு சேர்ந்தது. கிழக்கு ஜெர்மனி 1952-ல் மாநிலங்களை ஒதுக்கிவிட்டு 14 பெரும் வட்டாரங்களை உண்டாக்கி மாவட்டக் கோடுகளையும் மாற்றியபோது, கிரிம்மன் ரோஸ்டோக் வட்டாரத்துக்குள் போனது. 1994 ஜூன் 12-ல் அது கலைந்து, ரிப்னிட்ஸ்-டாம்கார்ட்டன், ஸ்ட்ரால்சுண்ட் மாவட்டங்களோடு சேர்ந்து நோர்ட்ஃபோர்பொமர்ன் ஆனது. 2011 செப்டம்பர் 4-ல் அதுவும் கலைந்து இன்றைய ஃபோர்பொமர்ன்-ரூகன்.

இதில் பலர் வழுக்கும் இடம் 1952. பெயர் அதேதான், ‘கிரிம்மன்’. நிலம் அதே நிலமில்லை. லோயிட்ஸ் என்ற சிறுநகரம் அதுவரை கிரிம்மனில் இருந்தது. அந்த ஆண்டு டெம்மின் மாவட்டத்துக்கும் அதன் வழியாக நாய்பிராண்டன்பர்க் வட்டாரத்துக்கும் போய்விட்டது. 1939-ன் மக்கள்தொகையையும் 1964-ன் மக்கள்தொகையையும் அருகருகே வைத்து ‘மாவட்டம் தேய்ந்தது’ என்று எழுதினால், ஆள் குறைந்ததா, ஊர் குறைந்ததா என்று கேட்பவருக்குப் பதில் இருக்காது.

மேற்கு ஜெர்மனி மாவட்டம் என்றால் 1967-க்கும் 1978-க்கும் இடையே தேடுங்கள். பெரும்பாலான கலைப்பு அந்தப் பத்தாண்டில்தான். பவேரியா 1972 ஜூலை 1-ல் ஒரே நாளில் 143 மாவட்டங்களை 71 ஆக்கியது. பாடன்-வூர்ட்டம்பர்க் 1973 ஜனவரி 1-ல் 63-ஐ 35 ஆக்கியது.

ஊர்ப்பட்டியல்: தோட்டம் தனி, கிராமம் தனி

அதிக நேரம் இங்கேதான் கொடுக்க வேண்டும். பிரஷ்ய மாவட்டத்தின் அடியில் மூன்று வகை இருந்தன: நகரம், ‘லாண்ட்கெமைண்டெ’ எனும் கிராமம், ‘குட்ஸ்பெசிர்க்’ எனும் தோட்டப் பிரிவு. குட்ஸ்பெசிர்க்கில் மன்றம் கிடையாது, தேர்தல் கிடையாது. நிலக்காரர்தான் அங்கே நிர்வாகம். சாலை, ஏழைகள் பராமரிப்பு போன்ற பொதுச் செலவும் அவர் தலையில். நகராண்மைக் கழகத்து லாரி தோட்டத்துக் கேட்டோடு நின்றுவிட, உள்ளே துரையின் சொல்லே சட்டமாக இருந்த காலத்தைக் கேட்டு வளர்ந்தவருக்கு இதில் புதுமை இல்லை. நிலக்காரரிடம் பரம்பரையாக இருந்த போலீஸ் அதிகாரத்தை 1872 டிசம்பர் 13-ன் மாவட்டச் சட்டம் கிழக்கு மாகாணங்களில் பறித்தது. தோட்டப் பிரிவு மட்டும் இன்னும் அரை நூற்றாண்டு தாக்குப்பிடித்தது. 1927 டிசம்பர் 27-ன் சட்டம்தான் அதை ஒழித்தது. பெரும்பாலானவை 1928 செப்டம்பர் 30-ல் பக்கத்துக் கிராமத்தோடு இணைந்தன.

இதனால் வரும் கோளாறு ஒன்று உண்டு. பல ஊர்களில் கிராமத்துக்கும் தோட்டத்துக்கும் ஒரே பெயர். 1910 பட்டியலில் அந்தப் பெயர் இரண்டு இடத்தில் வரும். உதாரணத்துக்கு, கிராமம் 180 பேர், தோட்டம் 140 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வரியை மட்டும் பார்த்தவர் 180 என்று குறித்துக்கொள்வார். 1933 பட்டியலில் 320 இருக்கும். ‘இருபதே ஆண்டில் ஊர் வளர்ந்தது’ என்று எழுதியும் விடுவார். வளர்ந்தது ஒன்றுமில்லை. நம்மூர்த் தோட்டத்தில் மேல் டிவிஷன் செக்ரோலை (ஆள்கணக்குப் பதிவேட்டை) மட்டும் எண்ணிவிட்டுக் கீழ் டிவிஷனை மறப்பது போலத்தான்.

வழி எளிது. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு வரி, அதில் ஆறு கட்டம்: பெயர், வகை, ஆண்டு, ஆட்கள், பரப்பு, 1928-ல் எதோடு சேர்ந்தது. பிரஷ்ய ஊர்ப்பட்டியல்கள் 1871, 1885, 1895, 1905 கணக்கெடுப்புகளை வைத்து அச்சானவை. ஸ்கேன் பிரதிகள் இணையத்தில் கிடைக்கின்றன. ஒற்றை ஊரைச் சட்டெனப் பார்க்க 1912-ன் மேயர்ஸ் ஊர் அகராதி போதும். அதில் ஊர்ப்பெயருக்குப் பின்னால் வரும் சுருக்க எழுத்தே கிராமமா தோட்டமா என்று சொல்லிவிடும். ஜெர்மன் குடும்ப வரலாற்றுச் சங்கம் நடத்தும் ‘கோவ்’ என்ற தரவுத்தளத்தில் ஓர் ஊர் எந்தெந்த ஆண்டு எந்த மாவட்டத்தில் இருந்தது என்று தேதியோடு பார்க்கலாம். தேடும்போது, இரட்டைப் புள்ளி வைத்த உயிரெழுத்துக்கு உங்கள் கீபோர்டில் வழியில்லை என்றால் அந்த எழுத்துக்குப் பின்னால் ஆங்கில ‘இ’ சேர்த்து அடியுங்கள். புள்ளியை விட்டுவிட்டு அடித்தால் வேறு ஊர் வந்து நிற்கும்.

பரப்பு விஷயத்தில் கவனம் வேண்டும். 1872-க்கு முந்தைய ஆவணத்தில் ஹெக்டேர் இருக்காது, ‘மோர்கன்’ இருக்கும். பிரஷ்ய மோர்கன் 0.255 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 0.63 ஏக்கர். 1,000 மோர்கன் தோட்டம் என்றால் நம் கணக்கில் 630 ஏக்கர். மற்ற மாநிலங்களின் மோர்கன் அளவு வேறு. எந்த நாட்டு மோர்கன் என்று தெரியாமல் பெருக்காதீர்கள்.

ஆட்கள் எண்ணிக்கையை எடுக்கும்போது

ஆண்டு மட்டும் போதாது, கணக்கெடுத்த நாளையும் எழுதுங்கள்: 1871 டிசம்பர் 1, 1910 டிசம்பர் 1, 1925 ஜூன் 16, 1933 ஜூன் 16, 1939 மே 17, 1946 அக்டோபர் 29. டிசம்பரில் எடுத்த கணக்கில் பருவ அறுவடை ஆட்கள் இருக்க மாட்டார்கள், ஜூனில் இருக்கலாம். விவசாய மாவட்டத்தில் இது சின்ன விஷயமல்ல. 1946-ல் பொமரேனிய ஊர்கள் திடீரென வீங்கியிருக்கும். ஓடர் ஆற்றுக்குக் கிழக்கே இருந்து விரட்டப்பட்டு வந்த அகதிகள் அவர்கள்.

அதற்குச் சற்று முன், 1945 செப்டம்பரில், சோவியத் படைகளின் கையில் இருந்த கிழக்குப் பகுதியில் 100 ஹெக்டேருக்கு மேற்பட்ட தோட்டங்கள் எல்லாம் நட்டஈடின்றிப் பறிக்கப்பட்டுச் சிறு துண்டுகளாகக் கொடுக்கப்பட்டன. நம்மூரில் ‘துண்டாடல்’ என்றால் தோட்டத்தை வாங்கிக் கூறுபோட்டு விற்ற வியாபாரம், வேலை இழந்தவர்கள் தொழிலாளிகள். அங்கே துண்டு போட்டது அரசு, துண்டு வாங்கியவர்களில் தோட்டக் கூலிகளும் அகதிகளும் இருந்தார்கள். ஒரே சொல்லை இரண்டுக்கும் போட்டால் வாசகர் தவறாகப் புரிந்துகொள்வார், ஒரு வாக்கியம் கூடுதலாக எழுதிவிடுங்கள்.

ஆவணக் காப்பகத்துக்கு எழுதுவது

ஜெர்மன் காப்பகங்கள் ஆவணத்தை ஊர்ப்பெயரில் அடுக்குவதில்லை. எந்த அலுவலகம் அதை உருவாக்கியதோ அந்த அலுவலகத்தின் பெயரில்தான் வைப்பார்கள். மாவட்டத் தலைவரான ‘லாண்ட்ராட்’ (நம் மாவட்ட அதிகாரியான டி.ஓ. மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்) அலுவலகக் கோப்பு ஒரு தொகுப்பில் இருக்கும், மேலே இருந்த வட்டார அரசின் கோப்பு இன்னொன்றில், நீதிமன்றக் கோப்பு வேறொன்றில். ஒரு பள்ளிக்கூடம் கட்டியதைத் தேடினால் மூன்றையும் பார்க்க வேண்டும். சங்கிலி ஏன் முக்கியம் என்பது இங்கே தெரியும். 1930-ன் அரசிதழ் அறிவிப்பு ஸ்ட்ரால்சுண்டில், 1933-ன் அறிவிப்பு ஷ்டெட்டினில்.

கிரிம்மனுக்கு முதல் கதவு கிரைஃப்ஸ்வால்ட் நகரில் உள்ள மாநிலக் காப்பகம். ஸ்வீடன்காரர்கள் 1692 முதல் 1709 வரை நிலத்தை வயல் வயலாக அளந்து எழுதிய பதிவேடுகளையும் அங்கே பார்க்கலாம். மாவட்டம் பிறப்பதற்கு நூறு ஆண்டு முந்தைய நிலவரம் வேண்டுமென்றால் அதைவிடப் பெரிய கொடை இல்லை.

மின்னஞ்சலைப் பத்து வரிக்குள் முடியுங்கள். எந்த மாவட்டம், எந்த ஊர், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, எந்த விஷயம், இணையப் பட்டியலில் நீங்கள் கண்டுபிடித்த கோப்பு எண். கடைசியில், நகல் எடுக்க எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டியே சொல்லும்படி கேளுங்கள். ‘கிரிம்மன் பற்றி இருப்பதெல்லாம் அனுப்புங்கள்’ என்றால், தயவுசெய்து நேரில் வாருங்கள் என்ற ஒரு வரிதான் பதிலாக வரும்.

தனியாள் பதிவு வேண்டுமானால், பிரஷ்யாவில் அரசுப் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவு 1874 அக்டோபர் 1-ல் தொடங்கியது. அதற்கு முன் தேவாலயப் பதிவேடுதான். பிறப்புக்கு 110, திருமணத்துக்கு 80, இறப்புக்கு 30 ஆண்டு கடந்த பதிவேடுகளே காப்பகத்தில் எல்லோருக்கும் திறக்கும்.

எழுத்து

அச்சுப் புத்தகங்கள் ‘ஃப்ராக்டூர்’ எழுத்தில் இருக்கும். அதில் நீண்ட ‘எஸ்’ பார்க்க ‘எஃப்’ போலவே இருக்கும். குறுக்குக் கோடு தண்டின் வலப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் ‘எஃப்’, இல்லையென்றால் ‘எஸ்’. கையெழுத்துக் கோப்புகளின் ‘கூரெண்ட்’ இன்னும் கடினம். அதன் சிறிய ‘இ’ நமக்கு ‘என்’ போலத் தெரியும், ‘யு’-வுக்கு மேலே ஒரு வளைவு போட்டிருப்பார்கள். அகர வரிசையை மனப்பாடம் செய்துவிட்டுப் படிக்கலாம் என்று உட்காராதீர்கள். ஊர்ப்பட்டியலை நீங்கள் ஏற்கெனவே தயார் செய்திருப்பதால், கோப்பில் முதலில் ஊர்ப்பெயர்களைத் தேடிப் பிடியுங்கள். தெரிந்த பத்துப் பெயர்களில் ஏறக்குறைய எல்லா எழுத்தும் வந்துவிடும்.

கார் எண் தட்டைச் சான்றாக எடுக்கும் பழக்கமும் பரவலாக இருக்கிறது. இப்போதைய தட்டு முறை 1956-ல் மேற்கு ஜெர்மனியில் வந்தது. முதல் எழுத்துகள் மாவட்டத்தைக் குறிக்கும். ஆனால் 2012 நவம்பரிலிருந்து, கலைக்கப்பட்ட மாவட்டங்களின் எழுத்துகளையும் மாவட்டங்கள் விரும்பினால் மறுபடி வழங்கலாம் என்று விதி மாறியது. கிரிம்மனின் பழைய மூன்றெழுத்தும் அப்படித் திரும்பி வந்தவற்றில் ஒன்று. அதனால் அந்த எழுத்தோடு புதுக் கார் நிற்கும் படம் கிடைத்தால், அது 1994-க்கு முந்தைய படம் என்று குறிப்பெழுதும் முன் காரின் மாடலைப் பாருங்கள்.