மார்கழிக் கோலச் சவால் முடிந்த பிறகு: எது நன்றாக வந்தது, ஏன் வந்தது என்று கண்டுபிடிப்பது எப்படி?

2024 டிசம்பர் 16 முதல் 2025 ஜனவரி 13 போகி வரை, மார்கழி 29 நாளும் வாசலில் தினம் ஒரு புதுச் சிக்குக் கோலம். கலர் கிடையாது, ஒரு தடவை போட்டதை மறுபடி போடக் கூடாது. எனக்கு நானே வைத்துக்கொண்ட பந்தயம் இது. 26 நாள் போட்டேன். பொங்கல் லீவில் ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, எதெல்லாம் நன்றாக வந்தது என்று எழுத உட்கார்ந்தேன். வந்தது இதுதான்:

தினமும் சீக்கிரம் எழுந்தேன். புதுக் கோலங்கள் கற்றுக்கொண்டேன். தெருவில் எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றார்கள்.

கோலமே போடாதவர்கூட இதை எழுதிவிடலாம். அடுத்த வருஷம் இந்த மூன்று வரியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? இன்னும் இரண்டு தடவை தப்பாகச் செய்த பிறகுதான் உருப்படியாக ஒரு வழி கிடைத்தது. முதல்முறையாக இப்படி ஒரு சவாலை முடித்தவர்களுக்கு அதை எழுதி வைக்கிறேன். கோலம் போடுவது எப்படி என்பது இதில் இல்லை. புள்ளி வைத்து இழுக்கத் தெரியும், ஒரு மாதம் இழுத்தும் முடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

தேவையானவை

போனில் எடுத்த படங்கள், கட்டம் போட்ட கணக்கு நோட்டு, பென்சில், ஒரு கலர் பிரிண்டுக்குக் காசு. எக்செல் வேண்டாம். நான் அதில்தான் ஆரம்பித்தேன். எந்தக் கட்டத்துக்கு எந்த நிறம் என்று தேடியே ஒரு சாயங்காலம் போய்விட்டது. படங்களைக் கோத்துப் பின்னணி இசை போட்டு வீடியோவாக்கும் ஆப்புகளும் வேண்டாம். அதில் எல்லாக் கோலமும் அழகாகத்தான் தெரியும்.

படி 1: காணும் பொங்கல் வரை சும்மா இருங்கள்

போகியன்று பெரிதாக ஒன்று போட ஆசைப்பட்டு, 15 புள்ளி வைத்து 8-இல் நிறுத்தும் இடைப்புள்ளிக் கோலத்தை எடுத்தேன். மொத்தம் 169 புள்ளி. வலது ஓரத்தில் எங்கேயோ கோடு மாறிப்போய், கடைசியில் இரண்டு முனை சேராமல் முழித்துக்கொண்டு நின்றது. அன்று இரவு கேட்டிருந்தால் மாதம் முழுக்கச் சொதப்பல் என்றுதான் சொல்லியிருப்பேன்.

கடைசியில் நடந்தது மொத்தத்தின் மேலும் சாயம் பூசிவிடும். உளவியலாளர் டேனியல் கானமனும் அவரோடு சேர்ந்தவர்களும் 1993-இல் வெளியிட்ட ஒரு சோதனை இதைப் பற்றியதுதான். ஒரு தடவை கையை 14 டிகிரி குளிர்ந்த நீரில் 60 விநாடி வைக்க வேண்டும். இன்னொரு தடவை அதே 60 விநாடி, அதோடு கூடுதலாக 30 விநாடி, தண்ணீர் மெல்ல 15 டிகிரிக்கு ஏறும். இரண்டில் எதை மறுபடி செய்வீர்கள் என்றதற்குப் பெரும்பாலோர் நீளமானதையே சொன்னார்கள், முடிவு கொஞ்சம் தேவலாம் என்பதால். எனக்கு நடந்தது இதற்கு நேர் எதிர். அதனால் நினைவை நம்ப வேண்டாம், படத்தை எடுங்கள்.

படி 2: எல்லாப் படமும் ஒரே தாளில்

நாள் வரிசையில் அடுக்கி, ஏ4 தாளில் வரிக்கு ஐந்து படமாகப் போட்டுத் தரச் சொல்லி ஜெராக்ஸ் கடையில் ஒரு கலர் பிரிண்ட் எடுங்கள். எனக்கு 20 ரூபாய் ஆனது. போனில் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தால் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட முடியாது. போடாத நாளுக்குக் காலிக் கட்டம் விடுங்கள், அது பின்னால் வேண்டும்.

ஒரு முக்கியமான விஷயம்: படத்தின் ஓரங்களை வெட்டாதீர்கள். கோலம் மட்டும் தெரியும்படி முதலில் நான் வெட்டிவிட்டேன். அது எவ்வளவு பெரிய தப்பு என்று நான்காவது படியில் தெரியும்.

(சேர்த்தது: பழைய போன் கெட்டுப்போனதால் குடும்ப வாட்ஸப் குழுவிலிருந்து படங்களை எடுத்த ஒருவர், எல்லாமே ஒரே தேதியைக் காட்டுகிறது என்று எழுதியிருந்தார். வாட்ஸப்பில் போய்வந்த படத்தில், எடுத்த நேரம் அழிந்துவிடும். ஆனால் ஆண்ட்ராய்டு போனில் கோப்பின் பெயரைப் பாருங்கள். வருடம், மாதம், தேதி என்று எட்டு இலக்கம் இருக்கும். அது குழுவில் வந்த நாள். அன்றன்றே அனுப்பியிருந்தால் அதை வைத்தே அடுக்கிவிடலாம்.)

படி 3: ஐந்தே ஐந்து

பென்சிலால் ஐந்து கோலத்தை மட்டும் வட்டமிடுங்கள். லைக்கைப் பார்க்காதீர்கள். எனக்கு அதிகம் லைக் விழுந்தது ஆறாம் நாள் கோலத்துக்கு. அது கோலத்துக்கு விழுந்தது அல்ல, நடுவில் சாணி உருண்டை மேல் வைத்த பூசணிப்பூவுக்கு விழுந்தது.

வட்டமிட்ட ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், அதில் எது நன்றாக வந்தது என்று ஒரே வரி. 'அழகு' என்ற சொல்லை எடுத்துவிட்டு எழுதுங்கள். வளைவுகள் ஒரே அளவு; புள்ளி வரிசை கோணவில்லை; தாளைப் பார்க்காமல் போட்டது; 12 நிமிஷத்தில் முடிந்தது; கோடு பிசிறில்லாமல் இருக்கிறது. இப்படி உதிரி உதிரியாக. கோலத்தை அப்படிப் பிரிக்க முடியுமா என்று சந்தேகம் வேண்டாம். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் 1970-களிலேயே கோலத்துக்குக் கணினி அறிவியல் முறையில் இலக்கணமே எழுதிவிட்டார்கள். நமக்கு ஐந்து வரிதான்.

படி 4: ஏன்?

நான் மாட்டிக்கொண்ட இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

தினமும் இரவு மூன்று நல்ல விஷயங்களை எழுதிப் பார்க்கும் பயிற்சி பலருக்குத் தெரிந்திருக்கும். மார்ட்டின் செலிக்மனும் மற்றவர்களும் 2005-இல் அதைச் சோதித்தபோது, ஒவ்வொன்றும் ஏன் நடந்தது என்பதையும் சேர்த்தே எழுதச் சொன்னார்கள். நாம் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டோம். நானும் அப்படித்தான். 17-ஆம் நாள் கோலத்துக்கு 'கோடு பிசிறில்லாமல் வந்தது' என்று எழுதிவிட்டு, காரணம் என்ற இடத்தில் 'கை பழகிவிட்டது' என்று போட்டேன். ஊருக்குப் போயிருந்தபோது தாளை அம்மாவிடம் காட்டினேன்.

"இது மட்டும் எப்படிடி இவ்ளோ சுத்தமா வந்திருக்கு?"

"தெரியலம்மா. கை பழகிடுச்சுபோல."

"கை பழகினா மறுநாளும் வந்திருக்கணுமே. அடுத்ததைப் பாரு, மாவு ஊறிப்போய்க் கிடக்கு."

உண்மைதான். 18-ஆம் நாள் கோடு மங்கி, இரண்டு பக்கமும் பரவியிருந்தது. அதே கை, அதே டப்பா, அதே கோலப்பொடி.

அப்புறம்தான் வெட்டாத படங்களைத் திரும்பத் தேடி எடுத்தேன். 17-ஆம் நாள் படத்தில் இடது மூலையில், படிக்கட்டின் மேல் ஒரு எவர்சில்வர் டம்ளர். அடியில் காபி நுரை ஒட்டியிருக்கிறது. நான் வட்டமிட்ட ஐந்தில் நான்கு படத்தில் அந்த டம்ளர் இருந்தது. 18-இல் இல்லை, போகியிலும் இல்லை.

காபிக்கும் கோட்டுக்கும் என்ன சம்பந்தம்? அந்த நாட்களில் வாசல் தெளித்துப் பெருக்கிவிட்டு, உள்ளே போய்ப் பால் காய்ச்சி, காபியைக் குடித்துவிட்டு வந்து புள்ளி வைத்திருக்கிறேன். அதற்குள் சிமெண்டுத் தரையில் ஈரம் காய்ந்தும் காயாமலும் ஆகியிருக்கும். மற்ற நாட்களில் தெளித்த கையோடு உட்கார்ந்திருக்கிறேன். தண்ணீர் நிற்கிற தரையில் பொடி விழுந்தவுடனே அதைக் குடித்துக்கொண்டு பரவும். முழுக்கக் காய்ந்துவிட்டாலும் கோடு நிற்காது, சின்னக் காற்றுக்கே பறக்கும். வீடு திரும்பியதும் சோதித்தேன். வாசல் முழுக்கத் தெளித்து, இடது பாதியில் உடனே இரண்டு வளைவு, வலது பாதியில் கால் மணி நேரம் கழித்து இரண்டு வளைவு. இடப்பக்கம் 18-ஆம் நாள், வலப்பக்கம் 17-ஆம் நாள். (கோலத்துக்கு முன்னால் காபியா என்று மாமியார் ஒரு பார்வை பார்த்தார். அது தனிக் கதை.)

ஆகவே 'ஏன்' என்ற இடத்தை நிரப்ப நான் இப்போது வைத்திருக்கும் முறை இது. முதலில் மனதில் வருகிற காரணத்தை எழுதுங்கள். அந்தக் காரணம் மறுநாளும் இருந்ததா என்று பாருங்கள். இருந்தும் கோலம் சரியாக வரவில்லை என்றால் அடித்துவிட்டு வேறு தேடுங்கள். தேடும்போது கோலத்தைப் பார்க்காமல் அதைச் சுற்றியுள்ளதைப் பாருங்கள்: வெளிச்சம், செருப்பு, வாளி, பக்கத்தில் யாருடைய கால். படம் எடுத்த நேரத்தையும் பாருங்கள். எனக்கு 5.40-க்கு முன்னால் எடுத்த எதுவும் தேறவில்லை. அதிகாலையில் எழுவதைத்தான் நான் முதல் பெருமையாக எழுதியிருந்தேன்.

ஐந்துக்கும் காரணம் கிடைக்காது. எனக்கு மூன்றுக்குத்தான் கிடைத்தது. மீதி இரண்டுக்கும் 'தெரியவில்லை' என்றே எழுதி வைத்திருக்கிறேன். 'அதிர்ஷ்டம்' என்று எழுதினால் தேடுவதை நிறுத்திவிடுவோம்.

படி 5: காலிக் கட்டங்கள்

போடாத மூன்று நாளில் இரண்டு மழை, ஒன்று காய்ச்சல். அந்த நாளைப் பற்றி யோசிக்க ஒன்றுமில்லை, அடுத்த நாள் கட்டத்தைப் பாருங்கள். மூன்று தடவையும் நான் திரும்பி வந்தது 7 புள்ளி வைத்து 4-இல் நிறுத்தும் சின்னக் கோலங்களோடு. 37 புள்ளி, பத்து நிமிஷம். விட்டதற்குச் சேர்த்துப் பெரிதாகப் போடுகிறேன் என்று கிளம்பவில்லை. தெரியாமல் செய்ததுதான், ஆனால் பந்தயம் பாதியில் நிற்காமல் போனதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

படி 6: சீட்டை டப்பாவில் போடுங்கள்

போனில் குறித்து வைத்தால் அடுத்த மார்கழிக்குள் அது எங்கே போனதென்று தெரியாது. ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, சின்ன பிளாஸ்டிக் உறையில் போட்டு, கோலப்பொடி டப்பாவுக்குள்ளேயே வையுங்கள். முதல் நாள் கையை விட்டதும் தட்டுப்படும். என்னுடையதில் இருப்பது:

தெளித்துவிட்டுக் காபி, பிறகு புள்ளி.
நடு வரிசையை முதலில் வை, மேலே கீழே அப்புறம்.
விட்ட நாளுக்கு மறுநாள் 7–4 போதும்.

அவ்வளவுதான். ஏழு எட்டு வரி எழுதினால் நானே படிக்க மாட்டேன்.

பின்சேர்க்கை

அடுக்குமாடியில் டைல்ஸ் மேல் போடுகிற இரண்டு பேர், கால் மணி நேரம் காத்திருந்தும் பொடி வழுக்குகிறது என்று எழுதியிருந்தார்கள். டைல்ஸ் ஈரத்தை உறிஞ்சாது, என்னுடைய காரணம் அங்கே செல்லாது. உங்கள் ஐந்தை வட்டமிட்டு உங்கள் காரணத்தைத் தேடுங்கள். அரிசியை ஊறவைத்து அரைத்து, அந்த மாவில் துணியை நனைத்து விரலால் இழுக்கும் மாக்கோலம் அங்கே சுலபம் என்பது என் எண்ணம்.

அக்காவும் தங்கையுமாகச் சேர்ந்து போட்டவர்கள்: ஒரே தாளை இரண்டு பிரிண்ட் எடுத்து, ஒருவர் வட்டமிட்டதை மற்றவருக்குக் காட்டாமல் முடியுங்கள். சேர்ந்து உட்கார்ந்தால் பெரியவர் சொல்லும் ஐந்துதான் நிற்கும்.

அக்டோபரில் 31 நாளும் மையால் படம் வரையும் இங்க்டோபர் முடித்த ஒருவர், இது தனக்கும் பொருந்துமா என்று கேட்டார். பொருந்தும். ஆனால் ஸ்கேன் செய்த படத்தில் டம்ளர் தெரியாது. அடுத்த முறை, வரைந்து முடித்ததும் மேஜையோடு சேர்த்து ஒரு படம் எடுத்து வையுங்கள்.