பயத்தோடு ஜெபிப்பது எப்படி

ஸ்கேன் ரிப்போர்ட் நாளைக்குத்தான் வரும். ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, வீட்டில் எல்லாரும் தூங்குகிறார்கள், உங்களுக்கு மட்டும் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, ஜெபிக்கலாம் என்று உட்கார்ந்தால் வார்த்தையே வரவில்லை. அந்த நேரத்தில் என்ன செய்யலாம் என்று மட்டும் எழுதுகிறேன்.

முதலில், பயம் வந்ததற்காக உங்களை நீங்களே குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். "விசுவாசம் இருந்தால் பயம் வருமா?" என்று சபைக்குள்ளேயே கேட்கிறவர்கள் உண்டு. அந்தக் கேள்விக்குப் பயந்தே எத்தனையோ பேர் தங்கள் கலக்கத்தை யாரிடமும் சொல்லாமல் மறைத்துவைக்கிறார்கள், இது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது. பிடிபடுவதற்குச் சற்று முன் கெத்செமனே தோட்டத்தில் இயேசு திகிலடையவும் மிகவும் வியாகுலப்படவும் தொடங்கினார் என்று மாற்கு 14-ம் அதிகாரம் ஒளிக்காமல் எழுதுகிறது. அவர் தனியாகவும் போகவில்லை, மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போய் விழித்திருக்கச் சொன்னார். இந்தப் பாத்திரம், அதாவது வரப்போகிற பாடு, என்னைவிட்டு நீங்கட்டும் என்று வாய்விட்டுக் கேட்டார். மத்தேயுவைப் பார்த்தால் அதே ஜெபத்தை மூன்று தடவை செய்திருக்கிறார். அதனால் நீங்களும் ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லலாம், அழலாம், பயமாக இருக்கிறது என்று சொல்லலாம்.

அதையும் பொத்தாம்பொதுவாகச் சொல்லாதீர்கள். "ஆண்டவரே, என் கஷ்டம் எல்லாம் நீர் அறிவீர்" என்று முடித்துவிட்டால் பயம் உள்ளே அப்படியே உட்கார்ந்திருக்கும். "இந்தக் கட்டி புற்றுநோயாக இருந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. ஆபரேஷன் என்றால் பணத்துக்கு யாரிடம் போய் நிற்பேன்? சின்னவளின் படிப்பு பாதியில் நின்றுவிடுமோ?" என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். குரல் வரவில்லை என்றால் ஒரு நோட்டில் எழுதுங்கள், அதுவும் ஜெபம்தான். சங்கீதக்காரர்கள் இப்படித்தான் ஜெபித்தார்கள். 13-ம் சங்கீதம் "கர்த்தாவே, எதுவரைக்கும்" என்ற கேள்வியோடு ஆரம்பிக்கிறது, 88-ம் சங்கீதமோ கடைசி வரி வரைக்கும் இருளிலேயே முடிகிறது, அதையும் யாரும் வேதத்திலிருந்து எடுத்துப்போடவில்லை. நன்றி சொல்ல மனசே வராத நாட்களில் அந்த 88-ஐ எடுத்துச் சத்தமாக வாசித்துப் பாருங்கள்.

அப்புறம் ஒரே ஒரு வசனத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். பத்து வசனம் வேண்டாம், வாட்ஸ்அப்பில் வருகிற வாக்குத்தத்த அட்டைகள் எல்லாம் வேண்டாம். நான் சொல்வது சங்கீதம் 56:3, "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்." தாவீது காத் ஊரில் பெலிஸ்தர் கையில் அகப்பட்டிருந்தபோது பாடியது என்று அதன் தலைப்பு சொல்கிறது. பயமும் நம்பிக்கையும் ஒரே வரியில் இருக்கின்றன, பயம் போன பிறகு நம்புகிறேன் என்று அவன் சொல்லவில்லை. மூச்சை இழுக்கும்போது முதல் பாதி, மெதுவாக விடும்போது "உம்மை நம்புவேன்." மூச்சை நிதானமாக, நீளமாக விட்டால் படபடப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், உடம்பை ஆண்டவர் அப்படித்தான் படைத்திருக்கிறார். கிழக்கத்திய (ஆர்த்தடாக்ஸ்) சபைகளில் "ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவே, என்மேல் இரங்கும்" என்ற சின்ன ஜெபத்தை மூச்சோடு சேர்த்துச் சொல்கிற வழக்கம் பல நூற்றாண்டுகளாக இருக்கிறது. வசனத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதித் தலையணைக்குக் கீழே வையுங்கள். போனில் வைத்தால் அடுத்த நிமிஷமே கூகிளில் நோயின் அறிகுறிகளைத் தேட ஆரம்பித்துவிடுவீர்கள்.

"பயப்படாதே" என்பது வேதத்தில் 365 தடவை வருகிறது, நாளுக்கு ஒன்று என்று பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். எண்ணிப் பார்த்தால் அந்தக் கணக்கு வராது. அந்த எண்ணிக்கையைப் பிடித்துக்கொள்வதைவிட, அந்த வார்த்தை யாருக்கு, எந்த நிலைமையில் சொல்லப்பட்டது என்று பார்ப்பது நல்லது. அப்போஸ்தலர் 27-ஐ முழுவதும் வாசியுங்கள். பவுல் கைதியாக ரோமாபுரிக்குப் போகிற கப்பல், பல நாளாகச் சூரியனும் தெரியவில்லை நட்சத்திரமும் தெரியவில்லை, பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போன நேரத்தில் தேவதூதன் வந்து "பவுலே, பயப்படாதே" என்கிறான். ஆனால் புயல் அதோடு நிற்கவில்லை. கப்பல் உடைந்தே போனது. 276 பேரும் நீந்தியும் பலகைகளைப் பிடித்துக்கொண்டும் மெலித்தா தீவில் கரையேறினார்கள். ரிப்போர்ட் நல்லபடியாகத்தான் வரும் என்று நான் உங்களுக்கு வாக்குக் கொடுக்க முடியாது, அப்படிக் கொடுக்கிறவர்களை நம்பாதீர்கள். எது உடைந்தாலும் ஆண்டவர் உங்களை விட்டுவிட மாட்டார், இதை முழு மனசோடு சொல்வேன். பிலிப்பியர் 4-ல் பவுல் சொல்கிற தேவசமாதானமும் அவர் விலங்கோடு இருந்தபோது எழுதியதுதான்.

விடிந்த பிறகு அந்த நாளுக்கான வேலையை மட்டும் பாருங்கள். பழைய ரிப்போர்ட்டுகளை ஒரு ஃபைலில் போடுங்கள், காப்பீட்டு அட்டையைத் தேடி எடுத்துவையுங்கள், டாக்டரிடம் கேட்க வேண்டியதை எழுதுங்கள், சாப்பிடுங்கள்.

சாப்பாட்டைச் சும்மா சொல்லவில்லை. 1 இராஜாக்கள் 19-ல் எலியா தீர்க்கதரிசி உயிருக்குப் பயந்து ஓடிப்போய், நான் சாகவேண்டும் என்று கேட்டுப் படுத்துவிடுகிறான். தூதன் அவனைத் திட்டவில்லை, பிரசங்கமும் செய்யவில்லை. தட்டி எழுப்பி அடையும் தண்ணீரும் கொடுக்கிறான், திரும்பத் தூங்கவிடுகிறான், மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். பயம் வாரக்கணக்கில் நீண்டு தூக்கமும் சாப்பாடும் போய்விட்டால் மனநல மருத்துவரிடம் போங்கள், மாத்திரை போட்டுக்கொள்வது அவிசுவாசம் ஆகாது. எலியாவைப் போலச் சாவைப் பற்றிய நினைப்பு வந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள், வீட்டில் ஒருவரை எழுப்புங்கள், இந்தியாவில் இருந்தால் 14416-க்குக் கூப்பிடுங்கள், டெலி மானஸ் என்ற அரசு உதவி எண், எந்த நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

கடைசியாக, சபையில் ஒருவரிடமாவது விஷயத்தைச் சொல்லுங்கள். மைக்கில் அறிவிக்க வேண்டியதில்லை, வாயைக் காப்பாற்றுகிற, அறிவுரை சொல்லாமல் கேட்கிற ஒரு அக்காவோ அண்ணனோ போதும். ரிப்போர்ட் வாங்கப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பதற்றத்தில் டாக்டர் சொல்வதில் பாதி உங்கள் காதில் விழாது, அவர் கேட்டு எழுதிக்கொள்ளட்டும்.