பழைய பிரிட்டிஷ் கார்: திருப்புளியைக் கடைசியாக எடுங்கள்

வண்டியில் இழுவை இல்லை. சிக்னலில் நின்றால் ஆஃப் ஆகிவிடுகிறது. சைலன்சரில் கருப்புப் புகை. பழைய மோரிஸ், ஆஸ்டின், எம்ஜி வைத்திருப்பவர்கள் இந்த மூன்றில் ஒன்றையாவது சொல்லாமல் இருக்க மாட்டார்கள். உடனே எல்லோர் கையும் போகும் இடம், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர்தான். என் மோரிஸ் மைனர் என்னிடம் வந்தபோது அதன் கார்புரேட்டருக்கு அடியில், கலவையில் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் நட்டின் ஆறு மூலைகளும் உருண்டுபோயிருந்தன. எத்தனை பேர் திருகியிருப்பார்களோ! கோளாறு அங்கே இல்லவே இல்லை. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரில் பாயிண்ட் கேப் (தொடுமுனைகளின் இடைவெளி) மூடிக் கிடந்தது.

முதல் தவறு இதுதான், பெரிய தவறும் இதுதான். கார்புரேட்டர் கடைசியில் தொட வேண்டிய பொருள். முதலில் வால்வு கிளியரன்ஸ் (வால்வுக்கு மேல் விட வேண்டிய இடைவெளி), அப்புறம் பாயிண்ட், பிளக், டைமிங் (பொறி விழும் நேரம்). எல்லாம் சரியாக இருந்தால் மட்டுமே கார்புரேட்டர். மைனரில் இருக்கும் ஏ-சீரிஸ் எஞ்சினுக்கு வால்வு கிளியரன்ஸ் 0.012 அங்குலம், பாயிண்ட் கேப் சுமார் 0.015, பிளக் கேப் 0.025. இடைவெளியை அளக்கும் ஒரு ஃபீலர் கேஜ் போதும். பாயிண்டின் அடிக்கட்டை தேயத் தேய கேப் குறைகிறது. கேப் குறைந்தால் டைமிங்கும் பின்னால் போகிறது. பொறி பலவீனமானால் பிளக் கறுக்கிறது. கறுத்த பிளக்கைப் பார்த்தவர் ‘மிக்சர் ரிச்’ (கலவையில் பெட்ரோல் அதிகம்) என்று முடிவுகட்டி நட்டைத் திருகுகிறார். அன்றிலிருந்து வண்டிக்கு ஒன்றுக்கு இரண்டு கோளாறு.

அடுத்தது, கையில் இருக்கும் எஞ்சின் எது என்று தெரியாமல் பாகம் வாங்குவது. ஆர்.சி. புத்தகத்தையும் பானட்டில் இருக்கும் பெயரையும் நம்பாதீர்கள். இந்தக் கார்களுக்கு 50, 60 வயதோ அதற்கு மேலோ இருக்கும். நடுவில் எஞ்சின் மாறாத வண்டிதான் அபூர்வம். ஏ-சீரிஸ் 1951-ல் ஆஸ்டின் ஏ30-இல் 803 சிசியாக வந்தது. பிறகு 948, 1098, 1275 என்று வளர்ந்தது. வெளியிலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி ஒரே சாயல். அதனால் பிளாக்கில் ரிவெட் அடித்த சிறு தகட்டைத் தேடி, கிரீஸைத் துடைத்துவிட்டுப் படியுங்கள். மைனரில் ‘9எம்’ என்று தொடங்கினால் 948, ‘10எம்ஏ’ என்றால் 1098. எண்ணுக்கு முன்னால் வரும் ‘எச்’ உயர் கம்ப்ரஷன், ‘எல்’ குறைந்த கம்ப்ரஷன். பிளாக்கிலேயே வார்த்திருக்கும் எண் வேறு, எஞ்சின் நம்பர் வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு ஆர்டர் போடுபவர்கள் நிறைய.

எம்ஜிபி வைத்திருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அதன் 1798 சிசி பி-சீரிஸ் எஞ்சினில் 18ஜி, 18ஜிஏ என்று தொடங்குபவற்றில் கிராங்குக்கு மூன்று மெயின் பேரிங். 1964-இன் கடைசியில் வந்த 18ஜிபி முதல் ஐந்து. வருடத்தை மட்டும் சொல்லி பேரிங் செட் வாங்கினால் பணம் போச்சு. நம் அம்பாசிடரின் பழைய 1489 சிசி எஞ்சினும் இதே பி-சீரிஸ் குடும்பம்தான். அதற்காக எல்லா பாகமும் மாற்றிப் போடலாம் என்று நினைத்துவிடக் கூடாது.

போல்ட் மரை விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எம்ஜி டிசி, டிடி கார்களில் இருக்கும் 1250 சிசி எக்ஸ்பிஏஜி எஞ்சினில் போல்ட் தலைக்குப் பழைய பிரிட்டிஷ் அளவான விட்வர்த் ஸ்பேனர் பொருந்தும், ஆனால் மரை மெட்ரிக்! முதல் உலகப் போரின்போது ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சு கம்பெனி இங்கிலாந்தின் கவென்ட்ரியில் ஆலை போட்டது. 1923-இல் மோரிஸ் கார் கம்பெனியின் வில்லியம் மோரிஸ் அதை வாங்கினார். மெட்ரிக் மரை வெட்டும் இயந்திரங்களும் கூடவே வந்தன. இங்கிலாந்துக்காரர்களின் கையில் விட்வர்த் ஸ்பேனர்தானே இருக்கும், அதனால் தலையை மட்டும் அந்த அளவுக்குச் செய்தார்கள். இது தெரியாமல் கடையில் கிடைக்கும் போல்ட்டை முறுக்கினால் பிளாக்கில் மரை போய்விடும். கையால் நாலு சுற்று சுலபமாக ஏறாத போல்ட்டுக்கு ஸ்பேனர் போடவே போடாதீர்கள்.

இனி, இந்தக் கார்களில் பெரும்பாலும் இருக்கும் எஸ்யு கார்புரேட்டர். இதை உருவாக்கிய ஸ்கின்னர் சகோதரர்கள் செருப்பு வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர்கள். அவர்களுடைய ஆரம்பகால கார்புரேட்டரில் பிஸ்டனுக்குப் பதில் தோலால் செய்த துருத்திதான் இருந்தது. தத்துவம் இன்றுவரை அதேதான். எஞ்சின் எவ்வளவு காற்றை உறிஞ்சுகிறதோ அவ்வளவுக்குப் பிஸ்டன் எழும். அதோடு சேர்ந்து கூம்பான ஊசியும் எழுந்து, ஜெட் என்ற துளையில் பெட்ரோலுக்கு வழிவிடும். ஒரே ஜெட், ஒரே ஊசி. ஆகவே ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஆக்சிலேட்டரை நாலு மிதி மிதிப்பதில் ஒரு பயனும் இல்லை. சோலெக்ஸ் கார்புரேட்டர் பலவற்றில் இருப்பதுபோல, மிதித்ததும் பெட்ரோலைப் பீச்சும் பம்ப் இதில் கிடையாது. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ய இழுக்கும் சோக் என்பதும் இதில் காற்றை அடைக்கும் தகடு அல்ல. பெரும்பாலான வகைகளில் கேபிள் ஜெட்டையே கீழே இழுக்கிறது. சோக்கை உள்ளே தள்ளிய பிறகும் ஜெட் கீழேயே சிக்கிக்கொண்டால் வண்டி நாள் முழுக்கப் புகை அடிக்கும். விரலால் ஜெட்டை மேலே தள்ளிப் பாருங்கள். பாதிப் பேருடைய ‘ரிச் மிக்சர்’ அங்கேயே தீர்ந்துவிடும்.

உங்கள் எஸ்யு எந்த வகை என்று கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. பெட்ரோல் கிண்ணத்தின் அடியிலிருந்து ஜெட்டுக்கு ஒரு சின்ன நைலான் குழாய் போனால் அது எச்எஸ். கிண்ணம் தனியாகத் தெரியாமல் உடம்புக்கு அடியிலேயே அடங்கியிருந்தால் எச்ஐஎஃப். கிண்ணம் போல்ட் போட்டு நேரடியாக ஒட்டியிருந்தால் பழைய எச் அல்லது எச்டி. எச், எச்எஸ் வகைகளில் பின்னால் வரும் எண், காற்றுப் பாதையின் குறுக்களவு 1 அங்குலத்துக்கு மேல் எத்தனை எட்டில் ஒரு பங்கு என்பதைச் சொல்கிறது: எச்எஸ்2 என்றால் 1¼, எச்எஸ்4 என்றால் 1½. எச்ஐஎஃப்44 என்பதில் இருக்கும் 44 மில்லிமீட்டர். மூடியில் நாலு திருகும், உள்ளே பிஸ்டனோடு ரப்பர் டயாஃப்ரமும் (சவ்வு) இருந்தால் அது எஸ்யுவே அல்ல, ஸ்ட்ராம்பர்க். டயாஃப்ரமில் ஊசிமுனை அளவு கிழிசல் இருந்தாலும் பிஸ்டன் சரியாக ஏறாது.

எஸ்யுவைக் கழற்றிச் சுத்தம் செய்யும்போதுதான் அதிகம் கெடுக்கிறார்கள். பிஸ்டனும் அதன் மேல் இருக்கும் குடுவையும் ஜோடி ஜோடியாகப் பொருத்தித் தயாரித்தவை. இரட்டைக் கார்புரேட்டர் வண்டியில் இரண்டையும் ஒரே தட்டில் போட்டுக் கலந்துவிட்டால் போச்சு. உப்புத்தாள் கிட்டேயே வரக் கூடாது. பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்து, காயவிட்டு, பக்கங்களில் எண்ணெய் தடவாமல் மாட்டுங்கள். ஊசியின் தோள் பிஸ்டனின் அடிப்பரப்போடு சமமாக இருக்க வேண்டும். ஊசியின் காம்பில் எழுத்து பொறித்திருக்கும். 1098 சிசி மைனருக்கு ‘ஏஎன்’. வேறு எழுத்து இருந்தால் எந்த டியூனிங்கும் உட்காராது.

மாட்டிய பின் பிஸ்டனை விரலால் தூக்கி விடுங்கள். ‘டக்’ என்று உலோகம் உலோகத்தில் விழும் சத்தம் தெளிவாகக் கேட்க வேண்டும். சத்தம் இல்லாமல் மெத்தையில் விழுவதுபோல் இறங்கினால் ஊசி ஜெட்டில் உரசுகிறது, ஜெட்டை மையப்படுத்த வேண்டும். எனக்கு இந்த ஒரு சத்தம் வருவதற்கு இரண்டு மாலை ஆயின. வந்ததும் கிடைத்த சந்தோஷம் இருக்கிறதே!

குடுவையின் மேல் மூடியைக் கழற்றி ஊற்றுவது 20 கிரேடு எஞ்சின் ஆயில். தையல் மெஷின் எண்ணெய் ஊற்றினால் மெல்லியதாக இருப்பதால் பிஸ்டன் சட்டென்று எழும்பிவிடும். மிதித்ததும் வண்டி விக்கும். ஏர் ஃபில்டர் கேஸ்கெட்டைத் தலைகீழாக மாட்டுவது இன்னொரு வழக்கமான தவறு. பிஸ்டனுக்குக் கீழே காற்று போகும் சிறு துளைகள் அடைபடும். வண்டி நின்ற இடத்தில் நன்றாக ஓடும், மேட்டில் ஏறாது.

மிக்சர் வைக்க, ஜெட்டை மேலே அதைச் சுற்றியிருக்கும் தளத்தோடு சமமாகக் கொண்டுவந்து, நட்டை இரண்டு முழுச் சுற்று கீழே இறக்குங்கள். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்குங்கள். வேகம் கூடி அப்படியே நின்றால் ரிச். எஞ்சின் தடுமாறி நின்றுபோனால் லீன் (பெட்ரோல் குறைவு). லேசாகக் கூடி உடனே அடங்கினால் சரி. ஐட்லிங்கில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல், மூன்று நிமிடத்துக்கு மேல் ஓடவிடாதீர்கள், நடுவில் அரை நிமிடம் 2500 ஆர்பிஎம்மில் ஓடவிட்டு மறுபடி பாருங்கள். இரட்டைக் கார்புரேட்டர் என்றால் மிக்சருக்கு முன் இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்கிறதா என்று ரப்பர் குழாயைக் காதில் வைத்துச் சீறலைக் கேளுங்கள். எவ்வளவு திருகினாலும் ஐட்லிங் நிலைக்கவில்லையா? காற்றைத் திறந்து மூடும் தகட்டின் அச்சான த்ராட்டில் ஸ்பிண்டிலை ஆட்டிப் பாருங்கள். தேய்ந்த ஸ்பிண்டில் வழியாகக் காற்று புகுந்தால் நட்டைத் திருகி அதை மறைக்க முடியாது.

எஞ்சின் சூடாகும் வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டை, நம் ஊர் வெயிலுக்குத் தேவையில்லை என்று கழற்றி எறிகிறார்கள். வேண்டாம். எஞ்சின் சூடாகாமலே ஓடினால் பெட்ரோல் சரியாக எரியாமல் ஆயிலில் கலக்கிறது. யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை இருந்த 1990களில் சில துளி பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டிய ஆஸ்டின், மோரிஸ் கார்களை நினைத்தால் இந்த எஞ்சின்கள் மேல் மரியாதை வருகிறது. ஆனால் அது வேறு வழியில்லாமல் செய்தது.

கடைசியாக எரிபொருள். பிரிட்டனில் 2021 முதல் சாதாரண பெட்ரோல் இ10, அதாவது 10 சதவீதம் வரை எத்தனால் கலந்தது. பழைய கார்களுக்கு இ5 சூப்பர் வகையைப் போடச் சொல்கிறார்கள். இங்கே பெட்ரோல் பங்க்குகளில் இப்போது இ20. எத்தனால் பழைய ரப்பர் குழாயை உப்பவைத்து வெடிப்பு விடச் செய்கிறது, பழைய கார்க் சீல்களையும் விடுவதில்லை. டேங்கிலிருந்து கிண்ணம் வரை எல்லாக் குழாயையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள். எத்தனால் கூடினால் மிக்சர் லீன் பக்கம் போகும், அதற்கேற்ப நட்டைக் கொஞ்சம் இறக்க வேண்டிவரும். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் கிண்ணத்தைக் காலி செய்துவிடுங்கள். திரும்ப எடுக்கும்போது சாவியைத் திருப்புவதற்கு முன் பானட்டைத் திறந்து பெட்ரோல் வாசம் அடிக்கிறதா என்று ஒரு தடவை மோந்து பாருங்கள்.