லடாக் குழுச் சுற்றுலா: எந்த இரவு எந்த உயரத்தில் தூங்குவது?

லே நகரம், நுப்ரா பள்ளத்தாக்கு, பாங்கோங், சோ மொரிரி ஏரிகள் எல்லாவற்றையும் ஆறு நாளில் காட்டிவிடுவதாகச் சொல்லும் லடாக் பேக்கேஜ்கள் நிறைய வருகின்றன. முன்பணம் கட்டுவதற்கு முன் அந்தத் திட்டத்தை ஒரு தாளில் வேறு விதமாக எழுதிப் பாருங்கள். பார்க்கும் இடங்களை விட்டுவிட்டு, ஒவ்வொரு இரவும் தூங்கும் ஊரையும் அதன் உயரத்தையும் மட்டும் எழுதுங்கள். உயரம் படிப்படியாக ஏறினால் திட்டம் போட்டவருக்கு விஷயம் தெரியும். மூன்றாம் இரவே 4,250 மீட்டரில் பாங்கோங் கரை என்றிருந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

காரணம் இதுதான். 3,000 மீட்டருக்கு மேல் போனபின் தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் ஓய்வெடுக்க வேண்டும் என்பது மலை மருத்துவத்தின் அடிப்படை விதி. சென்னையிலிருந்து டெல்லி வழியாக விமானத்தில் லேயில் இறங்குபவர் இந்த விதியை முதல் நாளே மீறிவிடுகிறார். லே 3,500 மீட்டரில் இருக்கிறது. கடல்மட்டத்தில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் அங்கே கிடைக்கும். அந்தக் கடனை லேயிலேயே உட்கார்ந்து அடைக்க வேண்டும். அதற்கு 48 மணி நேரம் குறைந்தபட்சம், மூன்று இரவு நல்லது.

வயதோ உடற்பயிற்சியோ இதில் காப்பாற்றாது. தினமும் ஓடுபவர்தான் முதல் நாளே கடைத்தெருவைச் சுற்றிவிட்டு இரவில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். இதய நோய், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் மருத்துவரைப் பார்த்துக் கேட்ட பிறகே பெயர் கொடுக்க வேண்டும். குழுவை நடத்துபவர் இந்தக் கேள்வியை எல்லோரிடமும் நேரடியாகக் கேட்க வேண்டும். கூச்சப்பட்டால் மலையில் விலை கொடுக்க நேரும்.

ஒன்பது இரவுத் திட்டம்

முதல் நாள் காலை விமானத்தில் லே. பிற்பகலில் காற்று வலுப்பதால் அங்கே விமானங்கள் பெரும்பாலும் காலையில்தான். அறைக்குப் போய்ப் படுத்துவிடுங்கள், ஆனால் பகல் முழுக்கத் தூங்க வேண்டாம். தூக்கத்தில் மூச்சு ஆழம் குறையும், எழும்போது தலைவலி கூடும். குளியலை மறுநாளுக்குத் தள்ளிப் போடுங்கள். மதுவும் தூக்க மாத்திரையும் கூடவே கூடாது. இரண்டாம் நாள் மாலை வண்டியிலேயே சாந்தி ஸ்தூபிக்குப் போகலாம். படிக்கட்டு வழியாக ஏற வேண்டாம்.

மூன்றாம் நாள் மேற்கே ஷாம் பள்ளத்தாக்கு. நிம்முவில் சிந்து நதியும் ஸன்ஸ்கார் நதியும் சேருமிடம், அதைத் தாண்டி ஆல்ச்சி மடம். ஆல்ச்சி லேயைவிடத் தாழ்வான இடம் என்பதால் உடலுக்கும் ஓய்வு. அங்குள்ள பழைய சுவரோவியங்களுக்காக மட்டுமே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை, ஒரு சின்ன டார்ச் எடுத்துப் போனால் போதும். இரவு மறுபடி லே.

நான்காம் நாள் கர்துங் லா (லா என்றால் கணவாய்) தாண்டி நுப்ரா. கணவாயில் இருந்த பழைய பலகை 18,380 அடி என்று சொன்னாலும், அளந்த உயரம் 5,359 மீட்டர்தான், அதாவது 17,600 அடிக்குச் சற்றுக் குறைவு. அங்கே பதினைந்து இருபது நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டாம். படம் எடுக்க ஓடுவது, கத்துவது, பனியில் விளையாடுவது இவற்றால்தான் பலருக்கு மயக்கம் வருகிறது. இறங்கினால் டிஸ்கிட், ஹுண்டர் இரண்டும் சுமார் 3,100 மீட்டர். லேயைவிடத் தாழ்வில் தூங்கப் போகிறோம் என்பதால்தான் நுப்ராவை ஏரிகளுக்கு முன்னால் வைக்கிறோம். பகலில் உயரம் தொட்டு, இரவில் இறங்கித் தூங்குவது உடலுக்கு மிக நல்ல பயிற்சி.

ஐந்தாம் நாள் துர்துக் போய்வரலாம். 1971 போரில் இந்தியாவுக்கு வந்த பால்ட்டி மக்களின் ஊர். ஜூலை கடைசி, ஆகஸ்ட் என்றால் ஆப்ரிகாட் பழம் மரத்திலேயே பழுத்திருக்கும். கேட்டுவிட்டுப் பறியுங்கள். ஹுண்டர் மணல்மேட்டில் இரட்டைத் திமில் ஒட்டகச் சவாரிக்கு மாலையில் வரிசை நீளும், காலையில் போனால் கூட்டம் குறைவு.

ஆறாம் நாள்தான் எல்லாத் திட்டமும் சோதிக்கப்படும் நாள். நுப்ராவிலிருந்து ஷியோக் ஆற்றோரமாக அகம், துர்புக், தாங்ட்சே வழியாகப் பாங்கோங்குக்கு ஒரே பகலில் போய்விடலாம். லேக்குத் திரும்ப வேண்டியதில்லை. ஆனால் வெயில் ஏற ஏறப் பனி உருகி, சாலையைக் குறுக்கே கடக்கும் ஓடைகளில் தண்ணீர் கூடும். காலை ஒன்பதரைக்கு முழங்கால் அளவில் இருக்கும் ஓடை பிற்பகல் மூன்று மணிக்குச் சக்கரத்தை மூழ்கடிக்கும். ஆகவே ஏழு மணிக்கு வண்டி கிளம்ப வேண்டும், சிற்றுண்டியைக் கட்டிக்கொள்ளுங்கள். சாலை அடைபட்டால் அகம் ஊரிலிருந்து வாரி லா வழியாக சக்திக்கு வந்து, சாங் லா தாண்டலாம். இந்த மாற்றுவழியை ஓட்டுநரிடம் முந்தைய இரவே பேசி வைக்க வேண்டும்.

இன்னொரு சிக்கலும் இங்கேதான். 3,100 மீட்டரில் தூங்கியவர் அடுத்த இரவு 4,250 மீட்டரில் தூங்குவது பெரிய தாவல். லேயில் தலைவலி வந்தவர்கள், ஐம்பதைத் தாண்டியவர்கள் குழுவில் இருந்தால் அந்த இரவைத் தாங்ட்சேயில் கழிப்பதே எங்கள் தீர்ப்பு. அது 4,000 மீட்டருக்குச் சற்றுக் கீழே. மறுநாள் விடியலில் கிளம்பி ஏரிக்குப் போனால் காற்று எழுவதற்கு முன் தண்ணீர் அசையாமல் கிடக்கும்; நீல நிறத்தின் எல்லா அடுக்கும் அப்போதுதான் தெரியும். கூடாரத்தில் ஏரிக்கரையில் தூங்கவில்லை என்ற வருத்தம் யாருக்கும் நிற்காது.

ஏழாம் நாள் மேராக், சூஷுல், சாகா லா, நியோமா, மஹே வழியாக சோ மொரிரி. ரெசாங் லா நினைவிடம் வழியில் வரும். 1962 நவம்பர் 18 அன்று மேஜர் ஷைத்தான் சிங்கும் குமாவோன் படைப்பிரிவு வீரர்களும் சீனப் படையை எதிர்த்து நின்ற போரின் நினைவு அது. எல்லைப் பகுதி என்பதால் இந்தச் சாலை எப்போது வேண்டுமானாலும் மூடப்படலாம். மூடினால் சாங் லா வழியாக லேக்கு வந்து, மறுநாள் சிந்து நதியோரமாக சோ மொரிரி போக வேண்டும். ஒரு நாள் கூடும். அதற்காகவே ஒன்பதாம் நாளை எதுவும் எழுதாமல் காலியாக விட்டிருக்கிறோம்.

எட்டாம் நாள் சோ மொரிரிக் கரையிலுள்ள கோர்சோக் ஊரிலிருந்து சோ கார் உப்பு ஏரி, தக்லாங் லா வழியாக லே. சோ மொரிரி 4,522 மீட்டர். அதுவும் சோ காரும் ராம்சார் ஈரநிலங்கள், அதாவது உலக அளவில் முக்கியமானவை என்று பட்டியலிடப்பட்டவை. கறுப்புக் கழுத்துக் கொக்கும் பட்டைத்தலை வாத்தும் கரைப் புல்லில் முட்டையிடும் இடங்கள் என்பதால் வண்டியைத் தண்ணீர் வரை ஓட்டுவதும் கரையில் கூடாரம் அடிப்பதும் கூடாது. ஓட்டுநர் தானாக இறக்கினாலும் நீங்கள் நிறுத்தச் சொல்ல வேண்டும்.

வானம் பார்க்கும் ஆசை உள்ள குழு சோ மொரிரிக்குப் பதிலாக ஹான்லேயில் தங்கலாம். அமாவாசையை ஒட்டி நாள் குறியுங்கள். அங்குள்ள 2 மீட்டர் தொலைநோக்கியை நடத்துவது இந்திய வான் இயற்பியல் நிறுவனம், நம் காவலூர் ஆய்வகத்தை நடத்தும் அதே நிறுவனம்.

வண்டியும் ஒப்பந்தமும்

லடாக்குக்கு வெளியே பதிவான டாக்சிகள் நுப்ரா, பாங்கோங் சுற்றிக்காட்ட அங்கே விடமாட்டார்கள். மணாலியிலிருந்து வரும் வண்டியிலேயே எல்லாம் பார்க்கலாம் என்று ஏற்பாட்டாளர் சொன்னால், லேயில் வண்டி மாற்றும் செலவு யாருடையது என்று எழுதி வாங்குங்கள்.

பன்னிரண்டு பேருக்கு ஒரு டெம்போ டிராவலர் மலிவுதான். ஆனாலும் இன்னோவா போன்ற மூன்று வண்டி எடுப்பதே சரி. ஓடைகளில் டெம்போவின் அடிப்பகுதி தட்டும் என்பது ஒரு காரணம். ஒருவருக்கு நள்ளிரவில் மூச்சு முட்டினால், ஒரே வண்டி இருக்கும் குழு மொத்தமும் மலை இறங்க வேண்டிவரும் என்பது பெரிய காரணம். ஏழு இருக்கை வண்டியில் நான்கு பேருக்கு மேல் ஏற்ற வேண்டாம்; கடைசி வரிசையில் பைகள் உட்காரட்டும். டீசலை லேயிலும் டிஸ்கிட்டிலும் நிரப்பிவிட வேண்டும், அதன்பின் பம்புகளை நம்பி ஓட்ட முடியாது.

எல்லைப் பகுதி அனுமதிச் சீட்டில் நீங்கள் போகும் ஒவ்வொரு ஊரின் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். சூஷுலும் ஹான்லேயும்தான் வழக்கமாக விடுபடுபவை. ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் ஒரு நகல் கேட்பார்கள் என்று வைத்துக்கொண்டு ஆறேழு நகல் எடுங்கள். லேயிலேயே எடுங்கள்.

நோயைக் கண்டுபிடிப்பது

காலைச் சிற்றுண்டியின்போது வழிகாட்டி ஒவ்வொருவரிடமும் நான்கு கேள்வி கேட்க வேண்டும்: தலைவலி, வயிற்றுப் பிரட்டல், அசதி, தலைசுற்றல். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். தலைவலியோடு சேர்த்து மொத்தம் 3 அல்லது அதற்கு மேல் வந்தால் அது உயர நோய். அவர் அன்று மேலே ஏறக் கூடாது. எல்லோர் முன்னிலும் கேட்டால் உண்மை வராது. தனியாகக் கேளுங்கள்.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரைக் கையோடு கொண்டுபோங்கள், ஆனால் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். குளிர்ந்த விரலிலும் நகப்பூச்சு போட்ட விரலிலும் பொய்யாகக் குறைத்துக் காட்டும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, ஒரு நிமிடம் காத்திருந்து பாருங்கள். லேயில் 90ஐ ஒட்டி இருப்பது சாதாரணம். ஒருவரின் அளவு மற்றவர்களைவிட வெகுவாகக் குறைந்து, நாளுக்கு நாள் இறங்கினால் கவனியுங்கள்.

உயிரைப் பறிப்பவை இரண்டு. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவதும் இருமலும் இருந்தால் நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது. பேச்சு குழறினாலோ நடை தள்ளாடினாலோ மூளை வீங்குகிறது. சந்தேகம் வந்தால் தரையில் ஒரு நேர்கோடு கீறி, ஒரு காலின் குதிகால் மற்றக் காலின் விரலைத் தொடும்படி பத்து அடி நடக்கச் சொல்லுங்கள். கோட்டைவிட்டு விலகினால் விடியும்வரை காத்திருக்காதீர்கள், இறக்குங்கள்.

எங்கே இறக்குவது என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். பாங்கோங்கிலிருந்து லேக்கு இறங்குவதாக நினைத்துக் கிளம்பினால் நடுவில் 5,360 மீட்டர் சாங் லா நிற்கிறது. நோயாளியை இன்னும் ஒரு கிலோமீட்டர் மேலே ஏற்றியாக வேண்டும். முதலில் தாங்ட்சே சுகாதார நிலையம். அங்கிருந்து, ஓடைகள் அனுமதித்தால், கணவாய் இல்லாத ஷியோக் வழியே டிஸ்கிட் மருத்துவமனை. சாங் லா தாண்டியே ஆகவேண்டும் என்றால் ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

அந்த ஆக்சிஜன் கடையில் விற்கும் டப்பா அல்ல. பத்து லிட்டர் டப்பா, நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் ஐந்து நிமிடத்தில் தீரும். 1,500 லிட்டர் கொள்ளும் பி வகை உருளை அதே வேகத்தில் பன்னிரண்டரை மணி நேரம் வரும். வண்டிக்கு ஒன்று வாடகைக்கு எடுங்கள். வாங்கும்போதே ரெகுலேட்டரைப் பூட்டி, சாவியைத் திருப்பி, முள் முழுதாக ஏறுகிறதா, முகமூடியில் காற்று வருகிறதா என்று பாருங்கள். சாவியை உருளையோடு கயிற்றில் கட்டுங்கள். உருளை நிறைந்திருந்தும் திறக்கச் சாவி இல்லாமல் தவிப்பதுதான் அடிக்கடி நடக்கும் கோளாறு.

உயர நோயைத் தடுக்க டயாமாக்ஸ் மாத்திரையை 125 மில்லிகிராம் காலை, மாலை என்று விமானம் ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து பலருக்கு எழுதித் தருகிறார்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். விரல் மரத்துப்போவதும் அடிக்கடி சிறுநீர் வருவதும் அதன் இயல்பு, பயப்பட வேண்டாம்.

கையில் இருக்க வேண்டியவை

பிற மாநில ப்ரீபெய்ட் சிம் லடாக்கில் வேலை செய்யாது. குழுவில் ஒவ்வொரு வண்டியிலும் ஒரு போஸ்ட்பெய்ட் எண்ணாவது இருக்கட்டும். ஏரிக்கரைக் கூடாரங்களில் மின்சாரம் பெரும்பாலும் மாலையில் சில மணி நேரம்தான். பவர் பேங்கை விமானத்தில் கைப்பையில் மட்டுமே கொண்டுபோக முடியும்.

உடையில் ஒரே தடித்த கோட்டைவிட மூன்று அடுக்கு நல்லது: உள்ளே தெர்மல், நடுவே ஃப்ளீஸ், மேலே காற்றுத் தடுப்பு. ஜூனில்கூட ஏரிக்கரை இரவு உறைநிலையை நெருங்கும், செப்டம்பரில் அதற்கும் கீழே போகும். கறுப்புக் கண்ணாடி, எஸ்பிஎஃப் 50 களிம்பு, உதட்டுப் பூச்சு மூன்றும் அலங்காரமல்ல.

சாப்பாட்டில் நம் ஆட்கள் சோற்றைத் தேடுவார்கள். கோர்சோக்கில் தண்ணீர் 85 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் திறந்த பானையில் அரிசி வேகாது. குக்கர் இருக்கும் வீட்டுத் தங்கலைப் பிடியுங்கள். பருப்புப் பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் கொண்டுபோனால் பசியில்லாத நாட்களில் இரண்டு கவளம் உள்ளே போகும். வீட்டுத் தங்கல்களில் தண்ணீர் ஊற்றாத மண்மூடும் கழிப்பறை இருக்கும். பக்கத்தில் இருக்கும் மண்ணை ஒரு மண்வெட்டி தள்ளிவிட வேண்டும். தண்ணீர் ஊற்றினால் கெட்டுவிடும், அடுத்த வயலுக்கு உரமாகப் போவது அது.

திரும்பும் விமானம் வானிலையால் ரத்தாவது லேயில் வழக்கம். டெல்லியிலிருந்து சென்னைக்குத் தனி டிக்கெட்டில் அதே நாள் பதிவு செய்தால், லே விமானம் பறக்காதபோது இரண்டாவது டிக்கெட்டின் பணமும் போகும். இரண்டையும் ஒரே பிஎன்ஆரில் எடுங்கள், அல்லது டெல்லியில் ஓர் இரவு தங்கிவிட்டு மறுநாள் கிளம்புங்கள்.