ஆப்ஷன் விற்பது வாடகை வருமானம் அல்ல

போன வாரம் அக்கா மகன் போனை நீட்டினான். நிஃப்டி பங்குக் குறியீட்டின் ஆப்ஷனை (குறித்த நாளில் குறித்த விலைக்கு வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தம்) விற்று, மூன்று வாரமாகத் திரை முழுக்கப் பச்சை. "வாடகை வர்ற மாதிரி இருக்கு மாமா" என்றான். 2013-இல் இதே வார்த்தையை நான் என் மனைவியிடம் சொல்லியிருக்கிறேன்.

அளவோடு டிரேட் பண்ணு, கடன் வாங்காதே என்பதையெல்லாம் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அவற்றை நான் விடுகிறேன். மற்றத் தவறுகள் இதோ.

ஹெட்ஜ் (எதிர்ப்பக்கப் பாதுகாப்பு) இல்லாமல் விற்பது

2013 ஆகஸ்ட் தொடக்கத்தில் டாலர் 61 ரூபாய் சுமார். மாத இறுதிக்குள் 64-ஐத் தொடாது என்று நம்பி, 64 'கால்' ஆப்ஷனை, அதாவது டாலரை 64 ரூபாய்க்கு வாங்கும் உரிமையை, 20 பைசாவுக்கு 100 லாட் விற்றேன். ஒரு லாட் ஆயிரம் டாலர். ஆக, பிரீமியமாக (அந்த உரிமையின் விலை) கைக்கு வந்தது 20,000 ரூபாய்.

அமெரிக்க மத்திய வங்கி புதிதாகப் பணம் புழக்கத்தில் விடுவதைக் குறைக்கப் போகிறது என்ற பேச்சு மே மாதத்திலிருந்தே ஓடிக்கொண்டிருந்தது. நம் நடப்புக் கணக்குப் பற்றாக்குறையும் பெரிதாக இருந்தது. இரண்டையும் படித்திருந்தேன். படித்துவிட்டும் விற்றேன்.

ஆகஸ்ட் 19 அன்று டாலர் 63-ஐத் தாண்டியது. அன்றே வெளியேறியிருந்தால் 30,000 ரூபாய் நஷ்டத்தோடு போயிருக்கும். "ரிசர்வ் வங்கி சும்மா விடாது" என்று, அதே 64 கால் ஆப்ஷனை 50 பைசாவுக்கு இன்னொரு 100 லாட் விற்று, விற்ற சராசரி விலையை ஏற்றி 'ஆவரேஜ்' பண்ணினேன். பத்து வருடத்துக்கு மேல் ஆகியும் எரிச்சலூட்டுவது இந்த இரண்டாவது 100 லாட்தான். முதல் 100-ஐ அறியாமை என்று விட்டுவிடலாம். இது வீம்பு.

27-ஆம் தேதி டாலர் 66-ஐத் தாண்டியது. புரோக்கர் அலுவலகத்திலிருந்து ஒரே மதியத்தில் மூன்று போன்: "சார், மார்ஜின் ஷார்ட்டேஜ்." பிணைத்தொகை போதவில்லை என்று பொருள். 2 ரூபாய் 20 பைசாவுக்குத் திரும்ப வாங்கி மூடினேன். 200 லாட்டுக்கு 4,40,000 ரூபாய். வாங்கிய பிரீமியம் 70,000 போக, நஷ்டம் 3,70,000.

மறுநாள் டாலர் 68-ஐயும் தாண்டியது. அன்றிரவே எண்ணெய் நிறுவனங்களுக்குத் தனியாக டாலர் தர ரிசர்வ் வங்கி ஏற்பாடு செய்ய, அதற்கு அடுத்த நாள் ரூபாய் மீண்டது. ரிசர்வ் வங்கி சும்மா விடவில்லைதான். ஆனால் அதற்குள் ஆகஸ்ட் ஆப்ஷனின் எக்ஸ்பயரி (கெடு நாள்) முடிந்திருந்தது.

ஸ்டாப் லாஸ் (விலை ஓர் அளவைத் தொட்டதும் தானே மூடும் ஆர்டர்) போட்டால் போதாதா என்று கேட்பார்கள். நம் கரன்சி சந்தை மாலை 5 மணிக்கு மூடிவிடும்; லண்டனிலும் நியூயார்க்கிலும் ரூபாய் மீதான பேரம் இரவிலும் நடக்கும். காலை 9 மணிக்கு விலை உங்கள் ஸ்டாப் லாஸைத் தாண்டியே திறக்கலாம். 2015 ஜனவரி 15-ஐப் பாருங்கள். ஒரு யூரோவுக்கு 1.20 பிராங்க் என்று மூன்று வருடத்துக்கு மேல் காத்துவந்த வரம்பை சுவிஸ் மத்திய வங்கி திடீரென்று கைவிட்டது. சில நிமிடங்களில், போட்ட ஸ்டாப் லாஸ்கள் எங்கோ கீழே போய்த்தான் நிறைவேறின.

சரி, என்ன செய்திருக்க வேண்டும்? 64 கால் ஆப்ஷனை 20 பைசாவுக்கு விற்கும்போதே, 65 கால் ஆப்ஷனை 8 பைசாவுக்கு வாங்கியிருந்தால் கையில் 12 பைசா. டாலர் எங்கே போனாலும், 64-க்கும் 65-க்கும் இடையிலான ஒரு ரூபாயில் அந்த 12 பைசா போக, அதிகபட்ச நஷ்டம் 88 பைசா, 100 லாட்டுக்கு 88,000. எரிந்திருக்கும், ஆனால் எல்லை தெரிந்திருக்கும்.

இதை அக்கா மகனுக்குப் பேப்பரில் எழுதிக் காட்டினேன். "பிரீமியம் பாதி போயிடுமே மாமா" என்றான்.

முடிவு வரும் நாளுக்கு முன் ஆப்ஷன் வாங்குவது

பட்ஜெட், ரிசர்வ் வங்கி வட்டி முடிவு என்றால் முந்தைய நாளே பிரீமியம் வீங்கியிருக்கும். அறிவிப்பு வந்ததும் அந்த வீக்கம் வடிந்துவிடும். திசை சரியாக இருந்தும் பணம் போகும்.

டாலர் ஆப்ஷனை இன்னும் விளையாட்டாக நினைப்பது

2024 மே முதல், டாலரில் உண்மையான வரவு செலவு உள்ளவர்களுக்கு மட்டும்தான். மற்றவர்கள் நிஃப்டிக்கு வந்துவிட்டார்கள். பங்குச் சந்தை ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன் வியாபாரத்தில் 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில் தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டம் என்று, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியே கணக்குக் காட்டியது.

வெளிநாட்டு ஃபாரெக்ஸ் (அந்நியச் செலாவணி) ஆப்

அனுமதி இல்லாத தளங்கள் அடங்கிய ரிசர்வ் வங்கியின் எச்சரிக்கைப் பட்டியலைப் பாருங்கள்.

டெலிகிராம் டிப்ஸ்

வேண்டாம்.

நஷ்டத்தைக் கணக்கில் காட்டாமல் விடுவது

கெடுவுக்குள் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்தால், ஆப்ஷன் நஷ்டத்தை எட்டு வருடம் வரை முன்னெடுத்துச் சென்று பின்னால் வரும் வியாபார லாபத்தில் கழிக்கலாம். அந்த 3,70,000-ஐ நான் வெட்கப்பட்டு எங்கும் எழுதவில்லை. அடுத்த வருட லாபத்துக்கு முழு வரி கட்டினேன்.